எபிசோட் 37: ஈஸ்ட்டுக்கு எத்தனை டிகிரி?

(பாட்காஸ்ட்டில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசினது நல்லா தூக்கம் வர வைச்சதா நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. நன்றி. அதனால இன்னிக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. பீர்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் இருக்கறது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துல, டல்லாஸ் பக்கத்துல இர்விங். இங்க வீட்டில் பீர் தயாரிக்கறது சட்டப்படி சரி. 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. வீட்ல வயசு வந்தவங்க ஒருத்தர் இருந்தா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 200 கேலன். விக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுல இதையே பண்ணினா மதுவிலக்குச் சட்டத்துல கேஸ் ஆகும். அதனால ஊர்ல இருந்து கேக்கறவங்க இதை ஃப்ரிட்ஜ் பத்தின எபிசோடா எடுத்துக்கங்க. பாதிக்கு மேல ஃப்ரிட்ஜ் கதைதான்.

கதை போன ஜூன் மாசம் ஆரம்பிக்குது. நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு பீர் கிட் வாங்கினோம். அவன் பேரைச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டான், அதனால மதுரைக்காரன்னே சொல்றேன். நான் ஈரோடு. கிட்ல அஞ்சு கேலன், அதாவது 19 லிட்டர் பேல் ஏல் பண்ணத் தேவையானது எல்லாம் இருந்தது. மால்ட் சாறு, ஹாப்ஸ், ஒரு பாக்கெட் ஈஸ்ட், ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதோட மூடியில செருகற ஏர்லாக். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதுல ஃபெர்மென்டேஷன் பத்தி ஒரே வரி: பக்கெட்டை அறை வெப்பநிலையில் வைக்கவும்.

எந்த ஊர் அறை? அதைச் சொல்லல.

டல்லாஸ் ஜூன்ல வெளிய 35 டிகிரி. (இங்க எல்லாமே ஃபாரன்ஹீட், நான் செல்சியஸ்லயே சொல்றேன்.) கரண்ட் பில்லுக்குப் பயந்து நாங்க ஆபீஸ் போறப்ப ஏசியை இருபத்தஞ்சரையில வைச்சுட்டுப் போவோம். பக்கெட்டைத் துணி அலமாரிக்குள்ள வைச்சோம். இருட்டா இருக்கணும்னு யாரோ சொன்னாங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் திறந்து பார்த்தா ஏர்லாக் குக்கர் விசில் மாதிரி அடிச்சுக்கிட்டு இருக்கு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பக்கெட் மேல ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் ஸ்ட்ரிப் 29ன்னு காட்டினது. அதை ரெண்டு பேருமே பார்த்தோம், ரெண்டு பேருமே கண்டுக்கல.

நாலு வாரம் கழிச்சு முதல் பாட்டில் திறந்தோம். பியூட்டி பார்லருக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்தது. நெயில் பாலிஷ் ரிமூவர். அதுக்கு அடியில வாழைப்பழம். குடிச்சா தொண்டையில சாராயச் சூடு. அது வெறும் அஞ்சு பர்சன்ட் பீர்ங்க. மதுரைக்காரன் மரியாதைக்கு ஒரு கிளாஸ் முழுசா குடிச்சுட்டு, “கெட்டுப் போகல மச்சி”ன்னு சொன்னான். 48 பாட்டில். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொண்ணா திறந்து சிங்க்ல ஊத்தினோம்.

என்ன நடந்ததுன்னு அப்புறம்தான் படிச்சேன். பீர் காய்ச்சறதுன்னு நாம சொல்றோமே, காய்ச்சற வேலை ஒரு நாள்தான். மால்ட், தண்ணி, ஹாப்ஸ் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைச்சா கிடைக்கறது வோர்ட். கசப்பான சர்க்கரைத் தண்ணி, அவ்வளவுதான். அதைக் குளிர வைச்சு ஈஸ்ட் போட்ட பிறகு நடக்கறதுதான் பீர். ஈஸ்ட் போட்ட முதல் ரெண்டு மூணு நாள் அது பெருகற நேரம். அப்ப சூடு அதிகமா இருந்தா அது கண்டபடி வேகமா வளரும். வளர்ற வேகத்துல எஸ்டர்னு ஒரு வகை, ஃபியூசல் ஆல்கஹால்னு ஒரு வகை, ரெண்டையும் அள்ளி விடும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட்ங்கற எஸ்டர். நெயில் பாலிஷ் வாசனை எத்தில் அசிடேட், அதுவும் எஸ்டர்தான். தொண்டை எரிச்சல் ஃபியூசல். இதெல்லாம் ஒரு தடவை உள்ள வந்துட்டா வெளிய எடுக்க முடியாது. நீங்க அதுக்கப்புறம் எத்தனை மாசம் ஃப்ரிட்ஜ்ல வைச்சாலும் சரி.

எங்க கிட்ல இருந்த மாதிரி ஏல் ஈஸ்ட்டுக்கு 18ல இருந்து 20 டிகிரி சுகமான இடம். லாகர் ஈஸ்ட்டுக்கு இன்னும் குளிர், 10 டிகிரி பக்கம். 25 டிகிரி அறையில வைச்சது எப்படி 29 ஆச்சு? இங்கதான் எனக்கு இன்ஜினியரிங் காலேஜ் தெர்மோடைனமிக்ஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பேப்பர்ல நான் அரியர். ஈஸ்ட் ஒரு கிலோ சர்க்கரையைத் தின்னா சுமார் 580 கிலோஜூல் வெப்பம் வெளிய விடும். எங்க பக்கெட்ல அது தின்னக்கூடிய சர்க்கரை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அப்ப மொத்தம் 900 கிலோஜூல் பக்கம். 19 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 80 கிலோஜூல் போதும். வெப்பம் கொஞ்சம்கூட வெளிய போகலைன்னா 11 டிகிரி ஏறிடும். பக்கெட்டோட சுவர் வழியா நிறைய வெளிய போயிடறதால உச்சத்துல மூணு, நாலு, சில சமயம் அஞ்சு டிகிரி ஏறும். அதை நாங்க துணி அலமாரிக்குள்ள, சட்டை பேண்ட் நடுவுல, கம்பளி போத்தின மாதிரி வைச்சிருந்தோம்.

சுருக்கமா, அறையோட டெம்பரேச்சர் வேற, பீரோட டெம்பரேச்சர் வேற. இதை நான் மறுபடியும் ஒரு தடவை தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். வர்றேன்.

நம்ம அம்மாக்களுக்கு இதெல்லாம் தெரியும்ங்கறது வேற விஷயம். ஈரோட்டுல மே மாசம் மாவு ஆட்டினா அம்மா உப்பை அப்பவே போட மாட்டாங்க, சீக்கிரம் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைச்சுடுவாங்க. மார்கழியில பாத்திரத்தை அடுப்புப் பக்கத்துல வைச்சுத் துணி போட்டு மூடுவாங்க. இட்லி மாவும் நுண்ணுயிர் விவகாரம்தான். சூடு கூடினா புளிக்கும், குறைஞ்சா பொங்காது. நான் பி.இ. படிச்சுட்டு 19 லிட்டரை சிங்க்ல ஊத்தினேன்.

சரி, ஆகஸ்ட். முதல் வாரத்துல மதுரைக்காரனுக்கு வேலை போச்சு. காலையில ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங், பத்து மணிக்கு லேப்டாப் லாக் ஆயிடுச்சு. எச்1பி விசாவில இருக்கறவங்களுக்கு இதோட அர்த்தம் தெரியும். வேலை போன நாள்ல இருந்து அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி உங்களுக்காக மனு போடணும், இல்லைன்னா பெட்டியைக் கட்டணும். அவன் ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு காகிதத்துல 1ல இருந்து 60 வரைக்கும் எழுதி ஒட்டினான். தினமும் காலையில ஒண்ணை அடிப்பான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி அவனே கேட்டான். “மச்சி, அந்த பீர் இன்னொரு தடவை போடலாமாடா? ஒண்ணு வேலை கிடைச்சதுக்குக் குடிப்போம், இல்ல நான் கிளம்பறதுக்குக் குடிப்போம்.” நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். ஃபெர்மென்டேஷன் ரெண்டு வாரம், பாட்டில்ல கேஸ் ஏற ரெண்டு மூணு வாரம். 46ஆம் நாளுக்கு ரெடி ஆகும். ஆனா ஒரே ஒரு தடவைதான் முயற்சி பண்ண முடியும். கெட்டுப் போனா இன்னொண்ணு போட நாள் கிடையாது.

ஆகஸ்ட்ல டல்லாஸ் 38, 40. ஏசியை நம்ப முடியாது. ஃபெர்மென்டரைத் தண்ணித் தொட்டியில நிக்க வைச்சு, மேல ஈரமான டி-ஷர்ட் போட்டு, ஃபேன் விட்டு, தண்ணிக்குள்ள ஐஸ் பாட்டில் மாத்திக்கிட்டே இருக்கற முறை ஒண்ணு இருக்கு. நம்ம மண்பானை டெக்னிக்கேதான், தண்ணி ஆவியாகறப்ப சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். செலவு கிடையாது, காத்து காய்ஞ்ச ஊர்ல நல்லா வேலை செய்யும். ஹூஸ்டன் மாதிரி, சிங்கப்பூர் மாதிரி புழுக்கமான ஊர்ல டி-ஷர்ட் பெருசா உதவாது, ஐஸ்தான் உழைக்கணும். இன்டர்வியூவுக்குப் படிக்கறவனையும் ஆபீஸ் போறவனையும் வைச்சு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐஸ் மாத்த முடியாதுன்னு அதை விட்டோம்.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல பழைய செஸ்ட் ஃப்ரீசர் ஒண்ணு 60 டாலருக்குக் கிடைச்சது. ஐஸ்கிரீம் கடையில மேல மூடி திறப்பாங்களே, அந்த மாதிரிப் பெட்டி. 200 லிட்டர். ரெண்டு பேரும் படியில தூக்கி ஏத்தி சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துல வைச்சோம், வேற இடமே இல்லை. ஃப்ரீசரோட தெர்மோஸ்டாட் மைனஸ்லதான் வேலை செய்யும். அதனால ஒரு கண்ட்ரோலர் வாங்கினேன், இங்க்பேர்டுன்னு ஒரு சின்னப் பெட்டி. சுவர் பிளக்கும் ஃப்ரீசரும் நடுவுல உக்காரும். ஒரு சென்சார் ஒயர் தொங்கும். நாம சொன்ன டெம்பரேச்சருக்கு மேல போனா ஃப்ரீசருக்குக் கரண்ட் குடுக்கும், கீழ வந்தா நிறுத்தும். இன்னொரு பிளக் ஹீட்டருக்கு. ரொம்ப எளிமையான இஃப்-எல்ஸ்.

ஒரு சின்ன சைடு ட்ராக். 1553ல் பவேரியாவில ஒரு உத்தரவு போட்டாங்க. ஏப்ரல் 23ல இருந்து செப்டம்பர் 29 வரைக்கும் பீர் காய்ச்சக் கூடாது. கோடையில காய்ச்சற பீர் கெட்டுப் போகுது, அதனால தடை. எங்க 48 பாட்டிலை அவங்க பார்த்திருந்தா தடையை இன்னும் நீட்டியிருப்பாங்க. அந்தத் தடை 1850 வரைக்கும் இருந்தது. அதுக்கப்புறம் 1870கள்ல கார்ல் வான் லிண்டேன்னு மியூனிக் பேராசிரியர் ஒருத்தர் குளிரூட்டும் இயந்திரம் செஞ்சார். அவருக்குப் பணமும் இடமும் குடுத்துச் சோதிக்க விட்டது யாருன்னு நினைக்கறீங்க? பீர் கம்பெனிக்காரங்க. மியூனிக்கோட ஸ்பாட்டன் பீர் ஆலையில வைச்சுத்தான் சோதனை. நம்ம வீட்ல மாவு வைக்கற ஃப்ரிட்ஜோட தாத்தா பீர் ஆலையில பொறந்தவர். அம்மாகிட்ட இதைச் சொன்னேன், ரசிக்கல.

பதினோராம் நாள் காய்ச்சினோம். போன தடவை வோர்ட் வெதுவெதுப்பா இருக்கறப்பவே ஈஸ்ட்டைக் கொட்டினோம். இந்தத் தடவை ஃப்ரீசர்ல வைச்சு 18க்குக் கொண்டு வந்து, அப்புறம்தான் போட்டோம். நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது இதுதான். சூட்டுல ஆரம்பிச்சுட்டு அப்புறம் குளிர்விக்கறதைவிட, குளிர்ல ஆரம்பிச்சு மெதுவா ஏற விடறது ஈஸ்ட்டுக்குப் பிடிக்கும். அடர்த்தி அளந்தோம், 1.050. கண்ட்ரோலரை 18ல செட் பண்ணினேன். சென்சார் ஒயரை ஃப்ரீசருக்குள்ள சும்மா தொங்க விட்டு மூடினேன்.

அந்த “சும்மா தொங்க விட்டு”தான் தப்பு.

பதிமூணாம் நாள் மதுரைக்காரனுக்கு வீடியோ இன்டர்வியூ. சாப்பாட்டு மேஜையில உக்காந்து சிஸ்டம் டிசைன் விளக்கிக்கிட்டு இருக்கான். பக்கத்துல ஃப்ரீசர் கடக்குன்னு ஆன் ஆகுது, உர்ர்ர்ன்னு ஓடுது, நிக்குது. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் கடக். இன்டர்வியூ எடுத்தவர், “அங்க ஏதாவது கன்ஸ்ட்ரக்‌ஷன் நடக்குதா?”ன்னு கேட்டாராம். நான் சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தேன். கண்ட்ரோலர் 18ன்னு சொல்லுது. பக்கெட் ஸ்ட்ரிப் 22ன்னு சொல்லுது.

யோசிச்சா சின்ன விஷயம்தான். சென்சார் அளக்கறது காத்தை. 200 லிட்டர் காத்தோட எடை கால் கிலோகூட வராது. அதைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ பீருக்கு ஆகறதுல முந்நூத்துல ஒரு பங்கு வெப்பம்கூட வேண்டாம். ஃப்ரீசர் ஓடினதும் காத்து ஒரு நிமிஷத்துல ஜில்லுன்னு ஆயிடும், சென்சார் “போதும்”னு நிறுத்தும். உள்ள பீர் பாட்டுக்கு ஈஸ்ட்டோட சூட்டுல ஏறிக்கிட்டே இருக்கும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, நான் மானிட்டர் பண்ணினது தப்பான மெட்ரிக். டேஷ்போர்ட் பச்சை, சர்வர் தீப்பிடிச்சு எரியுது. கம்ப்ரஸரும் இப்படி அடிக்கடி ஆன்-ஆஃப் ஆனா சீக்கிரம் செத்துடும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு நான் நிதானமா சென்சாரை மாத்தியிருக்கணும். ஆனா பழைய நெயில் பாலிஷ் பயம். பதட்டத்துல செட்டிங்கை 18ல இருந்து 13க்கு இறக்கிட்டுத் தூங்கப் போயிட்டேன். ஏற்கனவே தப்பான மெட்ரிக், அதுக்கு மேல மிகையான ஆக்‌ஷன். ரெண்டு நாள் ஆபீஸ் ரிலீஸ் வேலையில திறந்தே பார்க்கல. பதினஞ்சாம் நாள் ராத்திரி மதுரைக்காரன்தான் கூப்பிட்டான். “மச்சி, சத்தமே இல்லடா. செத்துருச்சா?”

பீர் 14 டிகிரி. ஏர்லாக் அசையல. அடர்த்தி 1.028ல நிக்குது. அது 1.011 பக்கம் வரைக்கும் இறங்கணும். ஈஸ்ட் குளிர் தாங்காம அடியில படிஞ்சு தூங்கிடுச்சு. பாதி சர்க்கரை அப்படியே இருக்கு. அந்த நிலைமையில பாட்டில் பண்ணினா, பின்னாடி ஈஸ்ட் முழிச்சு மிச்சத்தைத் தின்னு பாட்டில் வெடிக்கும். அது ஆபத்து, விளையாட்டு இல்லை.

அன்னிக்கு ராத்திரி பண்ணினது இவ்வளவுதான். சென்சாரைப் பக்கெட்டோட பக்கவாட்டுல, பீர் மட்டத்துக்குப் பாதி உயரத்துல டேப் போட்டு ஒட்டினோம். அதுக்கு மேல மடிச்ச துண்டை வைச்சு இன்னொரு டேப், வெளிக்காத்து படாம. இப்ப அது பீரைத்தான் அளக்கும். பக்கெட்டைச் சுத்தி ஒரு ஹீட்டிங் பெல்ட். செட்டிங் 19. ஒரு டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகலாம்னு இடைவெளி குடுத்தேன். இல்லைன்னா ஃப்ரீசர் குளிர்விக்கும், உடனே ஹீட்டர் சூடாக்கும், ரெண்டும் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும். கம்ப்ரஸர் ஒரு தடவை நின்னா அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் மறுபடி ஓடணும்னு ஒரு செட்டிங், அதையும் வைச்சேன். அப்புறம் பக்கெட்டை மெதுவா சுழட்டி, அடியில கிடக்கற ஈஸ்ட்டை எழுப்பி விட்டோம். மூடியைத் திறக்காம. காத்து உள்ள போனா பீர் பழசு வாசனை அடிக்கும்.

மறுநாள் ஒண்ணும் இல்லை. அதுக்கடுத்த நாள் காலையில நான் பல் விளக்கிக்கிட்டு இருக்கேன், ஹால்ல இருந்து குரல். “டேய், முட்டை விடுதுடா!” பதினேழை அடிச்சுட்டு அவன் ஃப்ரீசருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கறான்.

அதுக்கப்புறம் கம்ப்ரஸர் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவைதான் ஓடினது. அவனோட மிச்ச இன்டர்வியூ எல்லாம் நிம்மதியா நடந்தது. கடைசி நாலு நாள் 21க்கு ஏத்தினேன். ஈஸ்ட் நடுவுல டையாசிட்டைல்னு ஒண்ணை விடும், தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. கடைசியில கொஞ்சம் சூடு குடுத்தா அதுவே திரும்பத் தின்னுடும். தன் குப்பையைத் தானே பொறுக்கற ஒரே ரூம்மேட். அடர்த்தி 1.011ல மூணு நாள் அசையாம நின்ன பிறகு, 28ஆம் நாள் பாட்டில் போட்டோம்.

அவன் ஒரு கம்பெனியில கடைசி ரவுண்டு வரைக்கும் போனான். 44ஆம் நாள் மெயில் வந்தது. கிடைக்கல. அன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுட்டான், 55ஆம் நாளுக்கு. 46ஆம் நாள் சனிக்கிழமை பத்துப் பேர் வந்தாங்க. ஒருத்தர் பரோட்டா சால்னா, ஒருத்தர் சிக்கன் சுக்கா. நான் முதல் பாட்டிலைத் திறந்து மூக்குக்கிட்ட கொண்டு போறப்ப கை நடுங்கினது நிஜம். மால்ட் வாசனை. கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஹாப்ஸ். வேற ஒண்ணுமே இல்லை. மதுரைக்காரன் ஒரு வாய் குடிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், “கடையில வாங்கின மாதிரி இருக்குடா”ன்னான். வீட்டில் பீர் போடறவனுக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது.

போறப்ப ரெண்டு பாட்டிலைச் சட்டையில சுத்திப் பெட்டிக்குள்ள வைச்சுக்கிட்டான். இந்தியாவுக்குள்ள ரெண்டு லிட்டர் வரைக்கும் கொண்டு போகலாம். கண்ட்ரோலரையும் கேட்டான், அது 110 வோல்ட், அங்க வேலைக்கு ஆகாதுன்னு சொன்னேன். இப்ப சென்னையில வேலையில இருக்கான்.

நிறைய பேர் கேக்கற கேள்வி ஒண்ணு: ஃப்ரீசர் வைக்க இடமே இல்லைன்னா? குவைக்னு நார்வே பண்ணை ஈஸ்ட் ஒண்ணு இருக்கு, 35 டிகிரியிலயும் சுத்தமா வேலை செய்யும். சட்டம் அனுமதிக்கற ஊர்ல, அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க அதுல ஆரம்பிங்க. எங்க முதல் கிட்ல அது இருந்திருந்தா 48 பாட்டில் தப்பிச்சிருக்கும்.

குளிர்காலம் வந்ததுல இருந்து ஃப்ரீசர்ல ஹீட்டிங் பெல்ட் போட்டு, 30ல செட் பண்ணி இட்லி மாவு வைக்கறேன். எட்டு மணி நேரத்துல பொங்கி நிக்குது. அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன். “இதுக்கா கண்ணு இவ்ளோ பெரிய பொட்டி வாங்குன?”ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னு சொல்லிட்டேன்.

அடுத்து லாகர் போடலாம்னு இருக்கேன். 10 டிகிரியில ஆரம்பிச்சு, அப்புறம் கிட்டத்தட்ட பூஜ்யத்துல, மொத்தம் ஆறு வாரம். அந்த ஆறு வாரம் மாவை எங்க வைக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. ஐடியா இருந்தா மெசேஜ் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.